கருணை மனு எதற்கு?

பிள்ளையைப் பெரிய படிப்புக்கு அனுப்பிவிட்ட பெற்றோர்கள், நுழைவுப் பரீட்சையில் தேறி இடம் கிடைத்துவிட்டால் பையன் கரையேறிவிட்டான் என்றே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உள்ளே போனவனை வெளியே தள்ளுவதற்கென்று ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் ஒரு தனிச் சட்டம் அச்சிட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அந்தச் சட்டம் எந்த வகுப்பாரை அதிகமாகத் தள்ளுகிறது என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே அதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகின்றோம்.

வடக்கே உத்தராகண்டத்தில் ரூர்க்கி என்ற ஊரில், 1847 இல் ஏற்பட்ட ஒரு பழைய இன்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. 2001 முதல் அதற்கு ஐ.ஐ.டி. என்று பெயர். 2015 ஆம் வருஷம் அங்கே முதல் வருஷப் படிப்பு முடிந்ததும், சராசரி மதிப்பு பத்துக்கு ஐந்து வரவில்லை என்று சொல்லி 73 மாணவர்களை அடியோடு நீக்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பாரும், பழங்குடியாரும், பிற்பட்ட வகுப்பாருமே ஆவர். பிள்ளைகள் நிர்வாகத்தாரிடம் கருணை மனுப் போட்டார்கள், பலிக்கவில்லை. நைனிடால் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அங்கேயும் மனு தள்ளுபடியாயிற்று. பிறகு நாலா பக்கமும் கூச்சல் கிளம்பவே, கோர்ட்டில் ஜெயித்த அதே நிர்வாகத்தார் சில தினங்களுக்குள் மனமிரங்கி, முதல் வருஷத்தை மறுபடியும் படிக்க வேண்டுமென்ற நிபந்தனையின் மேல் அவர்களைத் திரும்பச் சேர்த்துக் கொண்டார்கள்.

இதில் நாம் கேட்பது ஒன்றுதான். கல்வியின் தரத்தைக் காப்பாற்ற இந்தச் சட்டம் அவ்வளவு அவசியமென்றால், ஜெயித்த பிறகு ஏன் விட்டுக் கொடுத்தார்கள்? விட்டுக் கொடுத்ததால் ரூர்க்கியில் எந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது? மறுபடியும் ஒரு வருஷம் சொல்லிக் கொடுப்பது சாத்தியமென்றால், அதை முதலிலேயே செய்வதற்கு என்ன தடை? கூச்சலுக்கு முன் முடியாதது கூச்சலுக்குப் பின் முடிந்தது என்றால், தடை சட்டத்தில் இல்லை, மனதில்தான் இருந்தது என்று ஏற்படவில்லையா?

“சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? ஜாதி பார்த்தா மார்க்குப் போடுகிறோம்?” என்று சில பண்டிதர்கள் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது வாஸ்தவமே. பட்டணத்தில் இங்கிலீஷ் பள்ளியில் படித்து, கோட்டாவில் இரண்டு வருஷம் பணம் கட்டித் தயாரான பையனுக்கும், பன்னிரண்டு வகுப்பும் தாய்ப் பாஷையில் படித்து, வீட்டிலே எழுதப் படிக்கத் தெரிந்தவரே இல்லாத பையனுக்கும் ஒரே பாடம், ஒரே பாஷை, ஒரே தவணை. முதலாமவனுக்கு அது முன்பே பார்த்த பாடம். இரண்டாமவனோ உபாத்தியாயர் பேசுவது காதில் பழகுவதற்குள் பாதித் தவணையைத் தீர்த்து விடுகிறான். அந்த முதல் வருஷத்தையே தராசாக வைத்து, “நீ இதற்கு லாயக்கில்லை” என்று சீட்டுக் கிழிக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் பெரும்பாலும் மாணவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத்தான் மதிப்புப் போடுகிறார்கள். அப்படியானால் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் யாராவது சிலர் அடியில் இருந்தே தீர வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவனை நொண்டி என்று சொல்லி மைதானத்தை விட்டே துரத்தினால் அதற்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியுமா?

“தகுதியில்லாதவன் பாலம் கட்டினால் இடிந்து விழாதா?” என்பது அடுத்த கேள்வி. தேறாதவனுக்குப் பட்டம் கொடுங்கள் என்று நாம் சொல்லவே இல்லை. பரீட்சை இருக்கட்டும், தேறட்டும், பிறகு கட்டட்டும். தேறுவதற்கு வேண்டிய காலத்தையும் போதனையையும் கொடுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். இந்த ஐ.ஐ.டி.களே, இடம் நிரம்பாதபோது சற்றுக் குறைந்த மார்க்கு வாங்கிய தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளை எடுத்து, ஒரு வருஷம் ஆயத்தப் படிப்புப் படிக்க வைத்துச் சேர்த்துக் கொள்ளும் வழக்கம் இருக்கிறது. ஒரு வருஷப் போதனையில் குறை தீரும் என்பதை அவர்களே ஒப்புக் கொண்டிருக்கும்போது, உள்ளே வந்தவனுக்கு மட்டும் அந்த ஒரு வருஷம் ஏன் கருணையாக வரவேண்டும்?

நிற்க. நீக்குவதற்கு முன் “புரபேஷன்” என்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். உன் மதிப்புக் குறைந்துவிட்டது, அடுத்த தவணைக்குள் ஏற்றிக் கொள்ளாவிட்டால் போக வேண்டியதுதான் என்று எச்சரிப்பதே அது. கடுதாசி வருகிறது, சரி. கூடவே உபாத்தியாயர் வருகிறாரா? பாடங்களைக் குறைத்துக் கொடுக்கிறார்களா? விளங்காத கணக்கைத் தாய்ப் பாஷையில் விளக்க ஒரு ஆளாவது உண்டா? சில இடங்களில் இருக்கலாம், இருந்தால் சந்தோஷமே. இல்லாத இடத்தில், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு மருந்து கொடுக்காமல் போகிற வைத்தியனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? வகுப்பில் பாதிப்பேர் தவறிப் போனால் அந்த உபாத்தியாயரை யாராவது புரபேஷனில் வைத்தது உண்டா?

அந்த உபாத்தியாயர்கள் யாரென்றும் சற்றுப் பார்க்க வேண்டும். 2019 ஆம் வருஷ ஆரம்பத்தில் வெளியான சர்க்கார் கணக்குப்படி, 23 ஐ.ஐ.டி.களில் இருந்த 6,043 ஆசிரியர்களில் தாழ்த்தப்பட்டோர் 149 பேர். பழங்குடியார் 21 பேர். வாசலில் அளவுகோல் பிடிப்பவர்களில் நம்மவர் எவ்வளவு பேர் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளட்டும்.

2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் லோக்சபையில் வேறொரு கணக்குக் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்திற்குள் ஐ.ஐ.டி.களை விட்டுப் போனவர்கள் பிற்பட்ட வகுப்பார் 2,066, தாழ்த்தப்பட்டோர் 1,068, பழங்குடியார் 408. மத்திய சர்வகலாசாலைகளில் முறையே 4,596, 2,424, 2,622. மாணவர்களுக்குப் பல வழிகள் திறந்திருப்பதால் வேறு படிப்புக்கும் வேறு இடத்துக்கும் மாறிக் கொள்கிறார்கள் என்பது மந்திரியின் சமாதானம். இவ்வளவு பேரையும் சட்டமே தள்ளியது என்று நாமும் சொல்லவில்லை. தானாக மாறினவர் எத்தனை, பணமில்லாமல் போனவர் எத்தனை, அவமானம் தாங்காமல் போனவர் எத்தனை, நீக்கப்பட்டவர் எத்தனை என்று பிரித்துக் காட்ட வேண்டியது யார் பொறுப்பு? பிரித்துக் காட்டாமல் “பல வழிகள்” என்றால் யார் நம்புவார்கள்?

இனி லீவு சங்கதி. நூற்றுக்கு 75 நாள் ஆஜராக வேண்டும் என்பது நம் நாட்டில் பல சர்வகலாசாலைகளின் சட்டம். சிறிது குறைந்தால் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் பணமும் கட்டினால் “கண்டோனேஷன்” என்று மன்னிப்புக் கொடுப்பார்கள். செய்த பாவத்துக்குப் புரோகிதரிடம் தட்சணை வைத்துப் பிராயச்சித்தம் செய்து கொள்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. கல்லூரிக்காகப் பந்து விளையாடப் போனவனுக்கு “ஓ.டி.” போட்டு வந்ததாகவே எண்ணுவார்கள். தகப்பன் படுத்த படுக்கையாய்க் கிடக்க, அறுப்புக் கூலிக்குப் போய் வீட்டுக்கு அரிசி கொண்டு வந்தவனுக்கு எந்த டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுப்பார்? சர்ட்டிபிகேட் வாங்கத் தெரிந்தவன் வியாதிக்காரன், தெரியாதவன் சோம்பேறி!

பெண்கள் விஷயமோ கேட்கவே வேண்டாம். ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள் வரை பிரசவ லீவு உண்டென்று யு.ஜி.சி. விதி சொன்னது 2016 இல்தான். கேரள சர்க்கார் மாதவிலக்கை உத்தேசித்து மாணவிகளுக்கு 75 ஐ 73 ஆக்கியதும், பதினெட்டு வயது ஆனவர்களுக்கு 60 நாள் பிரசவ லீவு கொடுத்ததும் 2023 ஜனவரியில். பெண்களுக்குச் சரீரம் என்று ஒன்று இருக்கிறது என்பதை நம் சர்வகலாசாலைகள் கண்டுபிடிக்க இத்தனை காலம் பிடித்தது!

தில்லியில் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், ஆஜர் போதவில்லை என்று பரீட்சைக்கு விடப்படாமல், 2016 இல் உயிரை மாய்த்துக் கொண்டார். அந்த வழக்கில் 2025 நவம்பரில்தான், ஆஜர் குறைவுக்காகச் சட்டக் கல்லூரி மாணவர் எவரையும் பரீட்சை எழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தில்லி ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. இந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை பேர் பரீட்சை மண்டபத்து வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதற்குக் கணக்கு வைத்திருப்பவர் யார்?

தோழர்களே! பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது டிரங்குப் பெட்டியோடு இன்னொன்றும் செய்யுங்கள். நீக்கும் சட்டமும் லீவுச் சட்டமும் எங்கே இருக்கின்றன, காட்டுங்கள் என்று ஆபீசில் கேளுங்கள். புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரபேஷன் கடுதாசி வந்தால் யாரிடம் போய்ப் படிப்பது என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பையன் தவறிப் போனால், கைகட்டி நின்று கருணை மனு எழுதாதீர்கள். எத்தனை மணி நேரம் இவனுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.