முதலில் பழுதைக் கண்டுபிடிப்போம். பிறகு பாகத்தை மாற்றுவோம்

ஒரு சாதனம் இயங்காவிட்டால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறோம். அதிலும் சரியாகவில்லையென்றால் அடுத்த பாகத்தை மாற்றுகிறோம். இதைப் பழுதுபார்ப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது இருட்டில் கல்லெறிவது. முறையாகச் செய்தால், பழுதுபார்ப்பது பள்ளியில் நாம் செய்யும் எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததன்று. பழைய கிட்டார் ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்டன் நகரில் இயங்கிய ஃபெண்டர் நிறுவனம் 1963-இல் ‘டீலக்ஸ் ரிவெர்ப்’ என்ற ஒலிபெருக்கியை அறிமுகப்படுத்தியது. டிரான்சிஸ்டர்களுக்குப் பதிலாக வால்வுகளால் இயங்கும் இதில் இரண்டு ஒலி விளைவுகள் உள்ளேயே அமைந்துள்ளன.

முதலாவது, ‘ரிவெர்ப்’ எனும் எதிர்முழக்கம். பெரிய மண்டபத்தில் கைதட்டினால் ஒலி சற்று நேரம் நீடிக்கும் அல்லவா? அந்த உணர்வைத் தருவது, பெட்டியின் அடியில் உள்ள ஒரு தகரத் தட்டு. அதனுள் நீண்ட ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. கிட்டாரின் மின்சமிக்ஞை ஸ்பிரிங்கின் ஒரு முனையை அதிரச் செய்கிறது. அதிர்வு மறுமுனையை அடைந்ததும் மீண்டும் மின்சமிக்ஞையாகி, மூல ஒலியுடன் கலக்கிறது.

இந்த ரிவெர்ப் ஒருநாள் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே புது வால்வு வாங்க ஓட வேண்டாம். ரிவெர்ப் திருகியைக் கூட்டி வைத்து, பெட்டியை மெதுவாக ஓர் அசைப்பு அசைத்துப் பாருங்கள். இடி இடிப்பதுபோல் ‘தடதட’வென ஒலி கேட்டால், ஸ்பிரிங்கிற்குப் பிந்திய பகுதி நன்றாக இருக்கிறது; கோளாறு அதற்கு முந்திய பகுதியில் இருக்கிறது. எதுவும் கேட்காவிட்டால், முதலில் தேட வேண்டியது பிந்திய பகுதியில். ஒரு காசு செலவில்லாமல், சந்தேகப் பட்டியல் பாதியாகிவிட்டது!

இரண்டாவது விளைவு, ‘ட்ரெமோலோ’. ஒலியின் உரப்பை அலைபோல ஏற்றி இறக்குவது இது. உள்ளே சிறிய நியான் விளக்கு ஒன்று மினுக்குகிறது. அதனருகில், வெளிச்சம் பட்டால் தடை குறையும் மின்தடை ஒன்று இருக்கிறது. விளக்கு ஒளிரும்போதெல்லாம் ஒலி குறைகிறது. இது இயங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, காலால் மிதிக்கும் சுவிட்ச். அக்கால டீலக்ஸ் ரிவெர்ப்பில் அது செருகப்படாவிட்டால் ட்ரெமோலோ தொடங்காது. ரிவெர்ப்போ அது இல்லாமலும் கேட்கும். இது தெரியாதவர், நல்ல நிலையில் உள்ள ஒரு கருவியைப் ‘பழுது’ என்று பிரித்துப் போடுவார். சுவிட்ச் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி: விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் மின்தடையின் பக்கம் தேடலாம். இல்லையென்றால் விளக்கையும் அதை இயக்கும் பகுதியையும் சோதிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. விளக்கைச் சோதிப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. இத்தகைய கருவிகளுக்குள் 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். மின்செருகியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாணவர்கள் எக்காரணத்தைக் கொண்டும் உட்பகுதியைத் திறக்கக் கூடாது. பெட்டியை அசைப்பதும் கால் சுவிட்சைச் சரிபார்ப்பதும் வெளியிலிருந்தே செய்யக்கூடியவை.

“நல்ல வால்வு ஒன்றை மாற்றிப் பார்த்தால் விரைவில் தெரிந்துவிடுமே” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அனுபவசாலிகளும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால், அவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார்கள். மூன்று வால்வுகளை ஒன்றாக மாற்றி ஒலி திரும்பிவிட்டால், குற்றவாளி எது என்று எப்படித் தெரியும்? தற்சார்பு மாறி ஒன்றே இருக்க வேண்டும், மற்றவை கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்று நாம் படித்தது இதைத்தான்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. முடிவு பொருந்தாவிட்டால், தோழரின் குறிப்பேட்டைப் பார்த்து எண்ணைத் திருத்துபவர்களும் உண்டு. பழுதான கருவியிடம் அந்தத் தந்திரம் பலிக்காது. எண்ணைத் திருத்தினால் ஒலி வந்துவிடாது.

ஆகவே, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்கலம், சிறு விளக்கு, சுவிட்ச் கொண்ட மின்சுற்றில் ஒரு பழுதை மறைத்து வைத்து மாணவர் குழுக்களிடம் கொடுங்கள். விளக்கு எரிந்ததா என்பதற்கு மட்டும் மதிப்பெண் வேண்டாம். என்ன சோதித்தார்கள், அதனால் எதை ஒதுக்கினார்கள் என்று எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

மாணவர்களே, அடுத்த முறை வீட்டில் ஏதாவது நின்றுபோனால், “எதை மாற்றலாம்?” என்று கேட்காதீர்கள். “எதுவரை நன்றாக இருக்கிறது?” என்று கேளுங்கள்.