தீவில் விட்டால் நாம் மிருகமாகிவிடுவோமா?



சாகசக் கதை, மாயாஜாலக் கதை, உலகமே கெட்டுப்போன பிறகு யார் பிழைப்பார் என்கிற கதை. இந்த மூன்றையும் "பரீட்சைக்கு உதவாது" என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நான் இவற்றைத் தேடிப் பிடித்துப் படிக்கிற ஆள். எல்லாமே நல்ல புத்தகம் என்று சாதிக்கமாட்டேன், பாதி குப்பைதான். எது நல்ல கதை, எது சும்மா ரீல் விடுகிறது என்று பார்க்க என்னிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. சாப்பாட்டுக் கணக்கு!

சிரிக்காதீர்கள். 1719-ல் வந்த 'ராபின்சன் குரூசோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 28 வருஷம் தீவில் கிடக்கிறான். அவன் யாரோடு சண்டை போட்டான் என்பதெல்லாம் எனக்கு மறந்தேவிட்டது. ஆனால் கோழித்தீவனப் பையை உதறிய இடத்தில் பார்லி முளைத்து நிற்கும் பாருங்கள், அது மறக்கவில்லை. முதலில் கடவுள் செய்த அற்புதம் என்று நினைக்கிறான், அப்புறம்தான் தான் உதறிய பை ஞாபகம் வருகிறது. ஒரு கதிரையும் வீணாக்காமல் விதைக்கு எடுத்துவைக்கிறான். நிஜத்திலும் அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமி 1704 முதல் 1709 வரை சிலி நாட்டுப் பக்கம் ஒரு தீவில் தனியாக இருந்திருக்கிறார்.

மாயாஜாலக் கதையில்கூட இதே கணக்குதான். ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகத்தில் (2007) ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மந்திரத்தால் சாப்பாடு வரவழைக்க முடியாது என்று ஒரு விதி வருகிறது. கூடாரத்தில் மூன்று பேரும் பட்டினி. பசியும் அந்தப் பாழாய்ப்போன லாக்கெட்டும் சேர்ந்து ரான் கோபித்துக்கொண்டு போயே போய்விடுகிறான். பறக்கும் துடைப்பத்தைவிட இதை என்னால் நம்ப முடிந்தது.

'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) பற்றிப் பேசினால் எல்லோரும் அரங்கத்துச் சண்டையையே சொல்கிறார்கள். 12 மாவட்டம், 24 பிள்ளைகள், ஒருவர்தான் உயிரோடு திரும்பலாம், சரி. ஆனால் என்னை நடுங்க வைத்தது ஆரம்பத்தில் வரும் சீட்டுக் கணக்கு. ஏழைப் பிள்ளைகள் ஒரு ஆளுக்கான தானியமும் எண்ணெயும் வாங்க, குலுக்கலில் தங்கள் பெயரைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அது வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். 16 வயது கேட்னிஸ் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. தங்கை பிரிம் பெயர் ஒரே ஒரு சீட்டில். அந்த ஒரு சீட்டுதான் கைக்கு வருகிறது! அந்தப் பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல வைப்பது யார்? பெரியவர்கள். அதைப் பெரிய திரையில் உட்கார்ந்து பார்ப்பதும் அவர்கள்தான்.

இப்போது என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்', 1954. எழுதியவர் வில்லியம் கோல்டிங், 1983-ல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்கு முன்னாலேயே 1857-ல் ஆர். எம். பாலன்டைன் 'தி கோரல் ஐலண்ட்' என்று ஒன்று எழுதியிருந்தார். மூன்று பையன்கள் தீவில் ஜாலியாக, யோக்கியமாக வாழ்வார்கள். அவர் அந்தத் தீவுப் பக்கமே போனதில்லை. கடையில் உரித்து விற்கிற தேங்காயை மட்டும் பார்த்துவிட்டு, மட்டை என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் கதை எழுதிவிட்டார். தென்னை மரத்தடியில் வளர்ந்த நம்மிடம் அது எடுபடுமா? கோல்டிங்கும் அந்தக் கதையை நம்பவில்லை. உண்மையான பையன்கள் அப்படி இருக்கமாட்டார்கள் என்று எதிர்க்கதை எழுதினார். அதில் பையன்கள் சங்கு வைத்துக் கூட்டம் போடுகிறார்கள், தலைவன் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு வேட்டைக்குப் போய், கப்பலுக்குச் சைகை காட்டும் தீயை அணையவிட்டு, முகத்தில் சாயம் பூசி, கடைசியில் கொலை.

சும்மா சொல்லக்கூடாது, எழுத்து பிரமாதம். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புக்காரர்கள் ஒன்று கவனியுங்கள். பிக்கி என்ற பையனுக்குக் கிட்டப்பார்வை. அவன் கண்ணாடியை வைத்துத் தீ மூட்டுகிறார்கள். கிட்டப்பார்வைக்குப் போடுவது குழிலென்ஸ். அது ஒளியை விரிக்குமே தவிர குவிக்காது. ஒரு காய்ந்த சருகுகூடப் பற்றாது! தீயே மூட்ட முடியாதவர், பையன்கள் மனசைப் பற்றி மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்? (கோல்டிங் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எங்கள் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நிஜமாகவே நடந்ததைக் கேளுங்கள். 1965-ல் பசிபிக் கடலில் டோங்கா நாட்டில் விடுதிப் பள்ளிப் பையன்கள் ஆறு பேர், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் பாய் கிழிந்து, சுக்கான் உடைந்து, எட்டு நாள் மிதந்து ஆட்டா என்ற தீவில் ஒதுங்கினார்கள் (கோதுமை மாவு இல்லை, தீவின் பெயரே அதுதான்). ஆள் இல்லாத தீவு. 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் கண்டுபிடிக்கும் வரை பதினைந்து மாதம். ஊரில் இவர்களுக்குச் சாவுச் சடங்கே முடிந்துவிட்டது. ஆனால் ஆறு பேரும் உயிரோடு, திடமாக இருந்தார்கள்.

எப்படி? இரண்டிரண்டு பேராக முறை வைத்துத் தோட்டம், சமையல், காவல். மழைத்தண்ணீரைப் பிடிக்க மரத்தைக் குடைந்தார்கள். மூட்டிய தீயை ஒரு வருஷத்துக்கு மேல் அணையவிடவில்லை. சண்டை வராமல் இல்லை. வந்தால் இரண்டு பேரும் தீவின் ஆளுக்கொரு பக்கம் போய், கோபம் ஆறியதும் திரும்பி வர வேண்டும். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். கால் நன்றாகவே கூடிவிட்டது. ஒதுங்கிய கட்டை, பாதிக் கொட்டாங்கச்சி, படகுக் கம்பி, இதை வைத்து ஒரு கிடார் வேறு!

அவர்கள் பிடித்துத் தின்ற கோழி அங்கே எப்படி வந்தது தெரியுமா? அந்தத் தீவில் முன்பு ஊர் இருந்தது. 1863-ல் அடிமை வியாபாரிகள் கப்பலில் வந்து பலரைப் பிடித்துப் போனார்கள். மீதிப் பேரை டோங்கா அரசர் வேறு தீவில் குடியமர்த்தினார். ஊர் போய், கோழி மட்டும் மிஞ்சியது. ஆக, அந்தத் தீவில் அக்கிரமம் செய்ய வந்தவர்கள் பெரியவர்கள்தான்.

என் தோழி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ஆறு பேர், எல்லாரும் ஃபிரெண்ட்ஸ். கோல்டிங் கதையில கூட்டம், சின்னப் பசங்க வேற. நம்ம கிளாஸையே தீவுல விட்டா என்ன ஆகும்னு யோசி" என்றாள். நியாயம்தான். கூட்டம் பெருகினால் முறை வைப்பது கஷ்டம். தவிர, கோல்டிங் கதையிலும் பையன்கள் தீவுக்கு வந்தது பெரியவர்கள் போட்ட போரால்தான், கடைசியில் காப்பாற்ற வருவதும் போர்க்கப்பல்தான். அதை அவரே எழுதியிருக்கிறார், படிப்பவர்கள்தான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு உண்மைச் சம்பவத்தை வைத்து ஒரு நாவலைத் தோற்கடிக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் ஒரு நாவலை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் மிருகம் என்று முடிவு கட்டவும் முடியாது, இல்லையா?

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஆசிரியர் ஐந்து நிமிஷம் வெளியே போனாலே இங்கே லீடர் எழுந்து "பேசுபவர்கள்" என்று கரும்பலகையில் தலைப்பு எழுதிவிடுகிறான். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தலைப்பு ரெடி! ஆசிரியர் விடுப்பு என்றால் நூலகப் பாடவேளையும் போச்சு, அலமாரிக்குப் பூட்டு. கேட்டால், "உங்களை நம்பித் திறந்துவிட முடியாது."

அந்தச் சாவியை ஒரே ஒரு மாதம் எங்களிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டிரண்டு பேராக முறை வைத்து, யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று நோட்டில் எழுதுகிறோம். சத்தம் போடுபவர்கள் வராண்டாவின் ஆளுக்கொரு மூலை. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து ஒரு புத்தகம் குறைந்தாலும் சாவியை வாங்கிக்கொள்ளலாம். முதல் வாரத்துக்கு நானும், ஒத்துக்கொள்ளாத அந்தத் தோழியும் பெயர் கொடுத்திருக்கிறோம். அடுத்த வாரத்துக்கு யார் யார்?

- ஒரு வாசகி, 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு