பாட்டில் பிரஷ்ஷுக்கு மொட்டை வேண்டாம்

பூங்கா, அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்லூரி வளாகம் என்று எங்கும் நடப்படும் பாட்டில் பிரஷ்ஷுக்கு நம் ஊரில் பெரிய எதிரி வறட்சியும் அல்ல, பூச்சியும் அல்ல. கத்திரிதான். பராமரிப்புப் பணி என்ற பெயரில் வேலிச் செடிகளோடு சேர்த்து அதையும் மட்டம் தட்டுகிறார்கள். சில இடங்களில் பந்து போலவும் குடை போலவும் உருட்டி விடுகிறார்கள். பிறகு, "இந்த மரம் பூக்கவே மாட்டேன் என்கிறதே" என்ற புகார் வருகிறது. மொட்டு வரும் நுனிகளையெல்லாம் மாதாமாதம் வெட்டி எறிந்தால் பூ எங்கிருந்து வரும்?

இந்தச் செடி பூக்கும் விதமே தனி. சிவப்பாகத் தெரிவது இதழ் அல்ல, மகரந்தத் தாள்கள். இதழ்கள் மிகச் சிறியவை, சீக்கிரம் உதிர்ந்துவிடும். நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் காம்பைச் சுற்றி நெருக்கமாக நீட்டி நிற்பதால்தான் பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற அந்த உருளை வடிவம். பெரும்பாலான செடிகளில் பூங்கொத்து முடியும் இடத்தோடு கிளையும் முடிந்துவிடும். பாட்டில் பிரஷ்ஷில் அப்படி இல்லை. பூங்கொத்தின் நுனியிலிருந்தே புதுத் தளிர் கிளம்பி, இலை விட்டு, கிளையாக நீள்கிறது. அடுத்த மொட்டு அந்தப் புதுக் கிளையின் முனையில் உருவாகும். பழைய பூ இருந்த இடத்தில் கடினமான சிறு காய்கள் கிளையை ஒட்டியபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கிளை காய்ந்தாலோ, சொந்த மண்ணான ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ பட்டாலோதான் அவை பெரும்பாலும் திறந்து விதையைக் கொட்டும்.

எங்கே, எப்போது வெட்டுவது என்பதற்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது. பூ வாடிய உடனே, அந்தப் பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே, இலையுள்ள பகுதியில் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று பக்கக் கிளைகள் வரும். ஒவ்வொன்றின் முனையிலும் பூ வரும். தாமதித்தால் வெட்டுவது புதுத் தளிரை, அதாவது அடுத்த பூவை. இங்கே கோடையை ஒட்டி ஒருமுறையும் மழைக்காலத்தை ஒட்டி இன்னொருமுறையும் பூப்பது பல ஊர்களில் வழக்கம். ஆகவே நாள்காட்டியைப் பார்த்துக் கவாத்து செய்வதைவிட மரத்தைப் பார்த்துச் செய்வதே சரி.

வெட்டாமலே விட்டால்? சாகாது. ஆனால் கிளைகள் நெடுக வெறும் காய்களோடு நீண்டு, பூவும் இலையும் நுனியில் மட்டும் தங்கிவிடும். அப்படி வயதான செடியை ஒரே நாளில் அடியோடு வெட்டிச் சீராக்க நினைப்பது ஆபத்து. இலையே இல்லாத முதிர்ந்த கட்டையிலிருந்து துளிர்க்கச் சில செடிகள் திணறும். ஒரு பருவத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிளைகள் என்று படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

உண்மையில் பாதிக் கவாத்துக்குக் காரணம், நடும்போதே செய்யும் தவறான தேர்வு. எல்லா பாட்டில் பிரஷ்ஷும் ஒரே உயரம் வளர்வதில்லை. 1770-இல் எண்டெவர் கப்பலில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை அடைந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் குழுவினர் திரட்டிய தாவரங்களில் தொங்கும் கிளைகள் கொண்ட வகையும் இருந்தது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் ஓடைக் கரைகளில் வளரும் அது, நல்ல இடம் கிடைத்தால் 8 மீட்டருக்கு மேலும் உயரும். கசக்கினால் இலையில் எலுமிச்சை மணம் வரும் சிவப்பு வகை வேறு. லண்டனில் வில்லியம் கர்ட்டிஸ் தம் 'பொட்டானிக்கல் மேகசின்' இதழில் 1794-இல் விவரித்தது அதைத்தான். அது பெரும்பாலும் 3 மீட்டருக்குள் நிற்கும் குத்துச்செடி. முதல் வகையை மின்கம்பிக்கு அடியில் நட்டுவிட்டு ஆண்டுதோறும் தலையைச் சீவுவது மரத்துக்கும் நல்லதல்ல, வெட்டுபவருக்கும் நல்லதல்ல. நர்சரியில் "பாட்டில் பிரஷ் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காமல், தொங்கும் வகையா, குத்துச்செடியா என்று கேட்டு வாங்க வேண்டும். மாடித் தோட்டத் தொட்டிக்கு 'லிட்டில் ஜான்' போன்ற ஒரு மீட்டர் உயரக் குட்டை ரகம் போதும்.

பாட்டில் பிரஷ் வகைகள் கொய்யா, நாவல், தைலமரம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிறவியிலேயே நீர்நிலை ஓரத்துச் செடிகள் என்பதால், சில நாள் தண்ணீர் தேங்கினாலும் களிமண்ணாக இருந்தாலும் சமாளிக்கும். வெயில் மட்டும் குறையக் கூடாது. நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். முதல் இரண்டு ஆண்டு ஒழுங்காகத் தண்ணீர் விட்டால், பிறகு வறட்சியையும் தாங்கும். உரம் அள்ளிக் கொட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்கிய தொழுவுரம் போதும்.

கவனிக்க வேண்டியது மண்ணின் காரத்தன்மையை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்பு ஆழ்குழாய்த் தண்ணீரிலும் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்து கிடைக்காததன் அடையாளம். இதைக் கண்டதும் யூரியா போடுவது வீண். இரும்புச் செலேட் கரைசலும், வேர்ப் பகுதியில் இலைமட்கு மூடாக்கும்தான் உதவும். இலைகளில் கரும்பூஞ்சணம் படிந்தால் பூஞ்சைக்கு மருந்து தேடுவதற்கு முன், கிளையில் செதில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சுரக்கும் இனிப்புத் திரவத்தில்தான் பூஞ்சணம் வளர்கிறது.

இந்த மரத்தடியில் களை குறைவாக முளைப்பதை 1977-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வாளர் கவனித்தார். செடியில் இருந்த லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் களைகளை வெளிறச் செய்வது தெரியவந்தது. அந்த வேதி அமைப்பைப் பின்பற்றி உருவான மெசோட்ரியோன் என்ற மக்காச்சோளக் களைக்கொல்லி 2001-இல் 'காலிஸ்டோ' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. வீட்டுத் தோட்டக்காரருக்கு இதில் ஒரு பயன் உண்டு: மரத்தடியில் கீரைப் பாத்தி போட வேண்டாம்; உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே மூடாக்காக விட்டால் போதும்.

பூத்த மரத்தில் தேன்சிட்டுகளும் தேனீக்களும் மொய்ப்பது உண்மை. அதற்காக இதை எங்கு வேண்டுமானாலும் நடலாம் என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில் தொங்கும் வகை ஆற்றோரங்களில் தானாகப் பரவி, அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரங்கள் நீலகிரிப் புல்வெளிகளை எப்படி விழுங்கின என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். மலை ஊர்களில் ஓடைக் கரையிலும் சோலைக் காட்டின் ஓரத்திலும் பாட்டில் பிரஷ் நடக் கூடாது. அங்கே அந்த மண்ணின் மரங்களே வேண்டும். வீட்டு முற்றமும் நகரப் பூங்காவும்தான் இதற்கு ஏற்ற இடம்.

மாநகராட்சிப் பூங்காக்களையும் குடியிருப்புச் சங்கங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: அடுத்த முறை தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, பாட்டில் பிரஷ்ஷை மாதாந்திர மட்டம் தட்டும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பூ வாடிய பிறகு மட்டும் கவாத்து என்று எழுதிக் கொடுங்கள்; எங்கே வெட்ட வேண்டும் என்பதைத் தோட்டத் தொழிலாளருக்கு ஒருமுறை மரத்தடியில் நின்று காட்டுங்கள்.