கீலைப் பார், கதவைப் பார்

அக்கா மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கொண்டு, தொண்டர்கள் சேர்ந்து பழைய ரயில்களை ஓட்டுகிற ஒரு பாதைக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து இரண்டு படம் அனுப்பினான். இரண்டிலும் பச்சை பெயின்ட் அடித்த ஷண்டிங் இன்ஜின். "மாமா, ரெண்டும் ஒண்ணுதானே? இங்க ஒரு பெரியவர் இல்லவே இல்லைன்னு அரை மணி நேரமா பேசுறாரு."

பெரியவர் சொன்னதுதான் சரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் டிரைவர் ஏறும் கதவு மரத்தால் ஆனது, சட்டம் வைத்து அடித்த பழைய வேலை. மற்றதில் வெறும் இரும்புத் தகடு. ஒன்றில் இன்ஜினை மூடிய பக்கக் கதவுகளின் கீல்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. மற்றதின் பக்கவாட்டில் கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். முன்பக்கம் தொங்கும் பிரேக் குழாய்களை எண்ணினால் ஒன்றில் கூடுதல். அது வாக்குவம் பிரேக்கோடு பிறந்து, பின்னால் ஏர் பிரேக்கும் சேர்க்கப்பட்ட வண்டி.

பிரிட்டிஷ் ரயில்வே 1952 முதல் 1962 வரை இந்த வகையில் 996 இன்ஜின்களைச் செய்தது. இப்போது கிளாஸ் 08 என்கிறார்கள். ஆறு சக்கரம், அவற்றை இணைக்கும் ராடு, 350 குதிரைத்திறன். உள்ளே இருப்பது இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் டீசல் இன்ஜின். பல்லாவரத்தில் ஆலை வைத்திருந்த அதே கம்பெனிதான், சென்னைக்காரர்களுக்குப் பெயர் பழக்கம். டெர்பி, டார்லிங்டன், குரூ, ஹார்விச் என்று பல பட்டறைகளில் பத்து வருடம் நடந்த வேலை. ஒரே அச்சாக எப்படி இருக்கும்?

வெளியே அதே சட்டை, உள்ளே பிளாக்ஸ்டோன் இன்ஜின் என்று 146 வண்டிகள் தனியாக உண்டு. அவை கிளாஸ் 10. பல்சக்கரத்தை மட்டும் மாற்றி, மணிக்கு 27 மைல் ஓடும்படி செய்த 26 வண்டிகள் கிளாஸ் 09. 08 ஓடுவதோ 15 அல்லது 20 மைல்தான். 09-ஐயும் 08-ஐயும் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். எண்ணைப் பார்க்கலாம் என்றால் அதையும் மாற்றியிருக்கிறார்கள். 13000 என்று பிறந்தது 1957-இல் வந்த புது முறைப்படி டி3000 ஆனது, 1970களில் மிச்சமிருந்தவற்றுக்கு 08 என்று தொடங்கும் எண் வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தவை வேல்ஸில் ஓடிய ஐந்து வண்டிகள். பரி போர்ட் என்ற ஊரிலிருந்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போகும் அந்தப் பாதையின் ஒரு பகுதி ஒரு காலத்தில் கால்வாய். படகு போவதற்காகக் கட்டிய பாலங்களின் அடியில் ரயில் போக வேண்டும். இன்ஜின் இடிக்கிறது. பாலத்தை உயர்த்துவதைவிடக் கூரையை அறுப்பது லேசு என்று முடிவு செய்து, டிரைவர் அறையின் தலையைக் குறைத்துவிட்டார்கள். அந்தக் குட்டைத் தலையைப் பார்த்தாலே அது ஓடிய ஊர் தெரிந்துவிடும். எண் அழிந்து போனாலும் பரவாயில்லை.

இப்படி நுணுக்கிப் பார்க்கும் புத்தி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் மைன்ஸில் ஃபிட்டர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து எங்கள் கோலார் தங்கவயலில் இரும்பெல்லாம் பெரும்பாலும் சீமை இரும்பு. 1894-இல் பவ்ரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்தது. அதன் பின்னே வந்திறங்கிய மோட்டார், பம்ப், விஞ்சு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கூட்டியது லைன் வீடுகளில் குடியிருந்த தமிழ்க் கைகள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பம்ப். அப்பா மூடியைத் தடவிப் பார்த்து, "இது கை போட்டது" என்பார். ஒரு போல்ட்டின் தலை மற்றதைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். லேத்தில் இங்கேயே கடைந்தது. சீமையில் செய்த பம்பில் எங்கள் உரிகம் பட்டறையின் கையெழுத்து அது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். சாஃப்ட்டுக்கு மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களும் சைனைடு மேடும் தூரத்திலிருந்தே தெரிகின்றன. ஆனால் அந்தப் போல்ட்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வாசலில் அழகுக்காக நிறுத்திய டிராலி ஒன்றைப் போன மாதம் பார்த்தேன். வெள்ளி நிற பெயின்ட் இரண்டு மூன்று பூச்சு. செய்த கம்பெனியின் தகடு மேலேயே பிரஷ்ஷை இழுத்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினேன். இரண்டு எழுத்து மேலெழும்பியது, மூன்றாவது வரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, இன்னும் ஆறவில்லை. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு பையனைக் கூப்பிட்டு நாலு பக்கமும் போன் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள், தகட்டில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பைசா செலவில்லை. வேலை செய்த கைகளில் சில இன்னும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருக்கின்றன. அவர்களைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். யார்டில் வாகன்களைத் தள்ளித் தள்ளியே ஆயுளைக் கழித்த ஒரு சாதாரண இன்ஜினுக்கு அங்கே கீல் கீலாகக் கணக்கு இருக்கிறது. இரண்டு மைல் ஆழத்துக்கு மனிதர்களை இறக்கி ஏற்றிய இரும்புக்கு இங்கே ஒரு பக்கம்கூட இல்லை.

அக்கா மகனுக்கு நான் பார்த்ததை எல்லாம் எழுதினேன். மரக்கதவு வைத்தது பழைய வண்டியாக இருக்கும், பெரியவரிடம் கேட்டுச் சொல் என்றேன். சாயங்காலம் பதில் வந்தது. "மாமா, வண்டி பழசுதானாம். ஆனா அந்தக் கதவு அதோடது இல்லையாம். உடைச்சுப் போட்ட வேற ஒரு வண்டியிலேர்ந்து கழட்டிட்டு வந்து, இவரே மாட்டினாராம். எந்த வண்டின்னு நம்பரோட சொல்றாரு, எழுதி அனுப்பட்டுமா?"