இலவு காத்த கிளி ஏமாந்தது, போடி ஏமாறலாமா?

"இலவு காத்த கிளி" என்பது பழமொழி. காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்துக் கிடந்தது. காய் வெடித்தது. உள்ளே பழம் இல்லை, பஞ்சு இருந்தது. அதுவும் காற்றில் பறந்து போயிற்று!

கிளிக்குப் பயன்படாத அந்தப் பஞ்சுதான் போடிநாயக்கனூரில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

போடி, தேனி மாவட்டத்தில் மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. மலைமேல் விளையும் ஏலக்காய் இங்கே வந்து ஏலம் போகிறது. ஆகவே "ஏலக்காய் ஊர்" என்றே எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏலச்செடி குளிர்ந்த உச்சியில், மர நிழலில் வளர்வது. அடிவாரத்து வறண்ட சரிவுகளில் நிற்பவை மாமரங்களும் இலவ மரங்களும்தான்.

இலவ மரத்துக்கு அதிகத் தண்ணீர் வேண்டாம். அதிகக் கவனிப்பும் வேண்டாம். வெயில் காலத்தில் காய் பறிக்கிறார்கள். ஓட்டை உடைத்துப் பஞ்சை எடுத்துக் காய வைக்கிறார்கள். விதையைப் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். விதையை ஆட்டினால் எண்ணெய், மிஞ்சுவது பிண்ணாக்கு. இந்த வேலையில் பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு இப்போது ஒரு போட்டி. ரப்பர் நுரை மெத்தை வந்தது. பிறகு பிளாஸ்டிக் நுரை மெத்தை வந்தது. பாலியஸ்டர் பஞ்சு அடைத்த தலையணையும் வந்தது. கல்யாணச் சீருக்கு இலவம் பஞ்சு மெத்தைதான் என்றிருந்த வீடுகளில்கூட நுரை மெத்தை நுழைந்துவிட்டது.

இலவம் பஞ்சுக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது!

நூலாகாத பஞ்சு

பருத்தியை நூற்கலாம், நெய்யலாம். இலவம் பஞ்சை மட்டும் தனியாக நூற்பது மிகவும் கடினம். ஏன்?

பருத்தி நார் முறுக்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். இலவம் பஞ்சின் நார் குட்டையானது, வழவழப்பானது. அதன்மேல் மெழுகு பூசினாற்போல் ஒரு படலம் உண்டு. பிடித்தால் வழுக்கி ஓடும்.

உள்ளே அது குழாய். அந்த நாரின் பருமனில் சுமார் 80 சதவீதம் வெறும் காற்று! அதனால்தான் அது அத்தனை இலேசு. தண்ணீரில் மிதக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் மாலுமிகளின் மிதவைச் சட்டைகளில் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள்.

காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் வெப்பத்தைத் தடுக்கும், ஓசையையும் அடக்கும். தண்ணீரை ஒட்டவிடாத அந்த மெழுகு, எண்ணெயை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும்.

இத்தனை குணம் இருந்தும் ஒரு குறை. பஞ்சு தானாகச் சேர்ந்து நிற்காது. தலையணையில் அடைத்தால் ஒரு பக்கம் கட்டி சேரும். ஒரு பக்கம் குழி விழும். அதை விரிப்பாகவோ தகடாகவோ ஆக்க வேண்டுமானால், பிடித்து வைக்க ஏதாவது வேண்டும்.

பொரி உருண்டை வித்தை

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொரியை அள்ளினால் சிதறும். வெல்லப்பாகு ஊற்றினால் சேரும். ஆறியதும் உருண்டை கெட்டியாகிவிடும்.

பஞ்சுக்கும் அதே வித்தைதான். இங்கே பாகுக்குப் பதில் "ஒட்டு நார்".

ஒட்டு நார் ஒரு செயற்கை நார். பார்ப்பதற்குப் பஞ்சு போலவே இருக்கும். ஒரு வகையில் உள்ளே ஒரு பொருள், மேலே இன்னொரு பொருள் இருக்கும். உள்ளே இருப்பது பாலியஸ்டர். அது உருக சுமார் 250 டிகிரி சூடு வேண்டும். மேலே இருப்பது பாலிதீன்; அது சுமார் 130 டிகிரியிலேயே உருகிவிடும்.

இலவம் பஞ்சையும் ஒட்டு நாரையும் கலந்து பரப்புகிறார்கள். சூடான காற்றை அதன் ஊடே செலுத்துகிறார்கள். ஒட்டு நாரின் மேல்தோல் மட்டும் உருகுகிறது. பக்கத்து நார்களைப் பற்றிக்கொள்கிறது. ஆறியதும் விரிப்பு தயார்! நூற்கவும் இல்லை, நெய்யவும் இல்லை. இதுதான் "நெய்யாத துணி".

சீனாவிலும் ஐரோப்பாவிலும் இலவம் பஞ்சை மற்ற நார்களோடு கலந்து இப்படி விரிப்பு செய்கிறார்கள். போர்வைக்கு உள்ளே வைக்கிறார்கள்; குளிர்ச் சட்டைக்கு உள்ளே வைக்கிறார்கள்.

அங்கே முடிவது போடியில் ஏன் முடியாது? பஞ்சு இங்கே இருக்கிறது. அதைக் கையாளத் தெரிந்த கைகளும் இங்கே இருக்கின்றன. ஆராய்ந்து சொல்ல, கோவையில் 1956-ல் அமைந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பஞ்சை மூட்டையாக அனுப்பிவிட்டு, விரிப்பாக விலை கொடுத்து வாங்கும் நிலை போடிக்கு வர வேண்டாம்.

ஆகவே ஒட்டு நார் வரட்டும். ஆனால் அதோடு பொய்யும் சேர்ந்து வரக்கூடாது!

காகிதம் என்றால் காகிதமா?

பொய் எங்கே நுழையும் என்பதைத் தேநீர்ப் பையில் பார்க்கலாம்.

காகிதம் என்பது மர நார், புல் நார் முதலியவற்றைத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடித்துக் காய வைப்பது. காயும்போது அந்த நார்கள் தாமே ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும். நனைந்தால் பிடி தளர்ந்துவிடும். எனவேதான் ஈரக் காகிதம் கிழிகிறது.

தேநீர்ப் பையோ வெந்நீரில் கிடந்தும் கிழிவதில்லை. காரணம், அதில் "அபாகா" என்ற நீண்ட நார் இருக்கிறது. அது பிலிப்பைன்ஸ் நாட்டில் அதிகம் விளையும் ஒரு வாழை இனம். கம்பம் பள்ளத்தாக்கு வாழைக்குப் பங்காளி.

அதோடு முடியவில்லை. பையின் ஓரத்தைச் சூடு வைத்து ஒட்ட வேண்டும். வெறும் காகிதம் சூட்டில் ஒட்டாது. ஆகவே பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நாரைக் கலக்கிறார்கள். சூட்டில் ஒட்டும் பைகள் பலவற்றில் இது 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும்.

குடித்துவிட்டு, "காகிதம்தானே" என்று பையை ரோஜாச் செடிக்கு உரமாகப் போடுகிறார்கள். தேயிலை மக்குகிறது, காகிதம் மக்குகிறது. பிளாஸ்டிக் வலை மண்ணில் கிடக்கிறது.

தேநீர்ப் பையில் கம்பி ஊசி குத்துவது ஆபத்து என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. கம்பி ஊசி கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே தடை வந்தது. பிளாஸ்டிக் நார் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை அட்டைப் பெட்டியில் எழுதியாவது சொல்ல வேண்டாமா?

துணிப்பை வேஷம்

இன்னொரு உதாரணம், ஜவுளிக் கடையில் கொடுக்கும் வண்ணப் பை. தொட்டால் துணி போல இருக்கும். உற்றுப் பாருங்கள். நெசவு இருக்காது, சிறு சிறு புள்ளிகள் இருக்கும். பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிய இடங்கள் அவை. அதில் பருத்தி ஓர் இழைகூட இல்லை!

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலான பிளாஸ்டிக் தடையில் இந்தப் பையும் சேர்க்கப்பட்டது. "துணிப்பைதானே, இதற்கு ஏன் தடை?" என்று கேட்டவர்கள் உண்டு. மத்திய அரசு 2021-ல் திருத்திய விதியோ, சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறையாத பை இருக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்தத் திருத்தத்தைக் கருதி மீண்டும் ஆராயும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 2023-ல் நீதிமன்றம் சொல்லிற்று.

சட்டம் எப்படிப் போனாலும் பெயர் சரியாக இருக்க வேண்டும். "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது, நிஜமான துணிக்காக. துணி வேஷம் போட்ட பிளாஸ்டிக்குக்காக அல்ல.

எது சரி, எது தப்பு?

"பிளாஸ்டிக்கே வேண்டாம். இலவம் பஞ்சு சுத்தமாக இருக்கட்டும்" என்று சிலர் சொல்லலாம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இலவம் பஞ்சு விலகி நின்றால், அந்த இடத்தில் வருவது முழுப் பிளாஸ்டிக் மெத்தை. பாலியஸ்டர் முழுவதும் நிறைந்த விரிப்பைவிட, பெரும்பங்கு இலவம் பஞ்சும் சிறுபங்கு ஒட்டு நாரும் உள்ள விரிப்பு மேல்.

ஓர் எளிய கணக்கு போதும். பல ஆண்டு உழைக்கும் பொருளுக்கு ஒட்டு நார் சரி. ஒரே நாளில் குப்பைக்குப் போகும் பொருளுக்கு அது தப்பு.

மெத்தை பத்து ஆண்டு உழைக்கும். கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்க வைக்கும் தகடும் பல ஆண்டு இருக்கும். அங்கே ஒட்டு நார் இருக்கட்டும். தேநீர்ப் பையும் கடைப் பையும் மலைச் சாலையில் விழுந்தால் ஓடையில் சேரும். ஓடை வழியாக வயலுக்கு வரும். அங்கே வேண்டாம்.

"சோள மாவிலிருந்து செய்த ஒட்டு நார் வந்துவிட்டதே, அது மக்குமே" என்பார்கள். வந்திருப்பது உண்மை. அது பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வந்ததல்ல என்பதும் உண்மை. ஆனால் அது சீக்கிரம் மக்க, சுமார் 60 டிகிரி சூடுள்ள உரக்கிடங்கு வேண்டும். சாதாரணத் தோட்ட மண்ணில் வெகுகாலம் அப்படியே கிடக்கும். "மக்கும்" என்று மட்டும் சொல்லி, எங்கே மக்கும் என்று சொல்லாமல் விடுவதும் அரைப் பொய்தான்.

மூன்று காரியம்

போடியில் இந்தத் தொழில் வளர வேண்டுமானால் மூன்று காரியம் நடக்க வேண்டும்.

ஒன்று: உறையின் மேல் பெரிய எழுத்தில், தமிழில், கணக்கு எழுத வேண்டும். "இலவம் பஞ்சு இத்தனை சதவீதம், பிளாஸ்டிக் ஒட்டு நார் இத்தனை சதவீதம்." புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் அது புரிய வேண்டும். பிளாஸ்டிக் கலந்ததைச் "சுத்த இலவம் பஞ்சு" என்று விற்கக்கூடாது.

இரண்டு: பாகு அளவோடு இருக்க வேண்டும். பொரியைவிடப் பாகு அதிகமானால் அது பொரி உருண்டை அல்ல, வெல்லக் கட்டி! ஒரு கைப்பிடி இலவம் பஞ்சைப் போட்டுவிட்டு மீதியைப் பாலியஸ்டரால் நிரப்பினால், மரம் வளர்த்தவனுக்கு என்ன லாபம்?

மூன்று: வேலை செய்கிறவர்களின் உயிர் பெரிது. இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். சூடான காற்று அடிக்கும் இயந்திரமும் பஞ்சுக் கிடங்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. பஞ்சுத் தூசு நெஞ்சுக்குள் போனால் இருமல் வரும். தூசை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும், மூக்கை மூட முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். விரிப்பு வந்த பிறகு விசிறி வாங்கலாம் என்று தள்ளிப்போடக்கூடாது.

இவற்றைச் செய்தால், சரிவில் நிற்கும் இலவ மரத்தை யாரும் வெட்ட மாட்டார்கள். அது விறகாவதைவிட நிற்பதில்தான் லாபம் என்று ஆகிவிடும். காய் உடைக்கும் பெண்ணுக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும்.

போடி ஏலக்காயைப் பார்த்ததும் வாங்குகிறவன் கையில் எடுத்து, பருமனைப் பார்த்து, மோந்து பார்த்து விலை சொல்கிறான். ஏலக்காய் தன் தரத்தைத் தானே சொல்லிவிடும். ஒட்டு நார் அப்படிச் சொல்லாது. அதற்கு மணம் இல்லை. நிறத்தில் வேறுபாடு இல்லை. விற்கிறவன் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அந்த ஒரு வரியை உறையில் அச்சடிக்க அதிகச் செலவு ஆகாது.