பெயர்ப் பலகை மட்டும் போதாது

கலிஃபோர்னியா சட்டமன்றம் 1963-இல் எழில்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. இரண்டே ஆண்டுகளில், பிக் சர் கடற்கரையோரம் செல்லும் 1-ஆம் எண் நெடுஞ்சாலை எழில்சாலை என்ற பெருமையைப் பெற்றது. அந்தச் சாலையிலுள்ள பிக்ஸ்பி பாலத்தருகே நின்றால் ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் பாறையில் மோதிச் சிதறும் பசிபிக் அலை; கண்ணை மறிக்க ஒரு விளம்பரத் தட்டி இல்லை.

இது தானாக வாய்த்ததல்ல. தகுதியுள்ள சாலைகளைச் சட்டமன்றம் பட்டியலிடும். ஆனால் கட்டடம், மண் வெட்டுதல், விளம்பரம் ஆகியவற்றுக்கு உள்ளூர் நிர்வாகம் வரம்பு கட்டினால்தான் எழில்சாலை என்ற அறிவிப்பு வரும். காவல் தளர்ந்தால் அது பறிபோகவும் செய்யும். இந்த நிபந்தனைதான் சட்டத்தின் உயிர். பட்டியலில் ஏறியும் அறிவிப்புக்குக் காத்திருக்கும் சாலைகள் இன்னும் பல. அவை செல்லும் ஊர்களின் நிர்வாகங்கள் இனியும் தாமதிக்கலாகாது.