வாசலில் நிற்கும் வாகனம்



ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறு வந்துவிட்டால், மும்பையிலுள்ள எங்கள் சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளின் தன்மையே மாறிவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். நாகர்கோவில் வண்டிக்கும் திருநெல்வேலி வண்டிக்கும் பயணச்சீட்டு எடுத்தவர்கள், பிரயாணப் பாதுகாப்புக்காகவும், பூட்டிவைத்துப் போகும் வீட்டுக்காகவும், ஊரில் தீராமல் கிடக்கும் பாகப்பிரிவினைக்காகவும் எழுதிக் கொடுப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்காக எழுதிக் கொடுத்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அது குடியிருப்பின் வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நீலத் தார்ப்பாய் ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஐந்து வாரம் நிற்கும். ஜூன் மாதத்தில் குடும்பம் திரும்பி வரும். ஏறக்குறைய அதே நாட்களில் மழையும் வரும். பெட்டியை இறக்கி வைத்த மறுநாள் காலையில், வேலைக்குப் புறப்பட்ட சகோதரன் வண்டியை உதைத்து உதைத்துக் களைத்துப்போய் நிற்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

பிழைப்பைத் தேடி இந்த நகரங்களுக்கு வந்த நம்மில் அநேகருக்கு அந்த நூறு சி.சி. வண்டி ஆடம்பரப் பொருளல்ல. இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் விற்கப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், இரவுப் பணி முடித்து வீடு திரும்புவதும் அதில்தான். நீதிமொழிகளின் 12-ஆம் அதிகாரம் நீதிமானுடைய குணங்களைச் சொல்லும்போது, அவன் வீட்டு விலங்கின் நலத்தையும் விட்டுவிடவில்லை. அந்நாட்களில் சுமையைச் சுமந்தது கழுதை. நமக்குச் சுமப்பது இது.

இந்த இடத்தில் என் சொந்தக் குறை ஒன்றை எழுதியாக வேண்டும். வேதாகமக் கல்லூரியில் எபிரெயு வினைச்சொற்களை மனப்பாடம் செய்வித்தார்கள். செயினைக் கழற்றிப் பூட்டுவதை ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆயினும் 2011-ஆம் ஆண்டில், மெக்கானிக்குக் கொடுக்கவேண்டிய கூலியை மிச்சப்படுத்த எண்ணி, ஒரு சனிக்கிழமை இரவு நானே என் வண்டியின் செயினைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அடுத்த வியாழக்கிழமை மான்குர்டில் வீட்டு ஜெபக்கூட்டத்தை முடித்துவிட்டு, பின்னால் என் மனைவி அமர்ந்திருக்க, மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். சடாரென்று ஒரு சத்தம். கழன்ற செயின் பின்பற்சக்கரத்தில் சிக்கிக்கொள்ள, சக்கரம் இறுகிவிட்டது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிச் சரிந்தது. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் சரியான நேரத்தில் நிறுத்தினார். எனக்குச் சிராய்ப்பு மட்டுமே. என் மனைவிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி சொன்னேன். ஊழியத்தைத் தடுக்கும்படி சத்துரு செய்த சதியைக் கர்த்தர் முறியடித்தார் என்று உரத்த சத்தமாய்ச் சொன்னேன். சபை ஆர்ப்பரித்தது. என் மனைவி முன்வரிசையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாய் உட்கார்ந்திருந்தாள். மத்தியான உணவின்போது, “மெக்கானிக் என்னங்க சொன்னார்?” என்று கேட்டாள். செயினை இணைக்கும் கிளிப் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது என்று அவர் சொன்னதை நான் சொன்னேன். “அதை மாட்டினது நீங்கதானே? அப்புறம் ஏன் சாத்தான் பேர்ல போட்டீங்க?” என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று என் சாட்சியைத் திருத்தினேன். அல்லேலூயா சத்தம் அவ்வளவாக எழும்பவில்லை. ஆனால் ஆராதனை முடிந்தபின் ஏழு சகோதரர்கள் தங்கள் வண்டியின் செயினைப் பார்க்கும்படி என்னை அழைத்தார்கள். அதைப் பார்ப்பதற்கு அந்த மண்டபத்தில் என்னைவிடத் தகுதியற்றவர் ஒருவருமில்லை. எல்லாரையும் மெக்கானிக்கிடம் அனுப்பினேன்.

சத்துரு இருக்கிறான் என்பதை நான் மறுக்கிறவனல்ல. ஆனால் நம்முடைய அசட்டையை அவன் கணக்கில் எழுதிவிட்டால், நாம் மனந்திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. உபாகமம் 22:8-ஐ அந்த வாரத்தில் பலமுறை வாசித்தேன். புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அங்கே சொல்லப்பட்ட சட்டம். விழுந்தவனைத் தள்ளியது யார் என்று சட்டம் விசாரிக்கவில்லை. சுவர் இருந்ததா என்று மட்டுமே விசாரிக்கிறது. வண்டியின் பின்னால் அமர்கிறவர்கள் நம் மாடியில் ஏறியவர்கள். செயின் எப்படி இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா என்பதொன்றும் அவர்களுக்குத் தெரியாது. நம்மை நம்பியே ஏறுகிறார்கள்.

ஆகையால் செயினிலிருந்தே தொடங்குகிறேன். கிளிப்பின் ஒரு முனை மூடியும் மறுமுனை பிளந்தும் இருக்கும். மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். மேல்பக்கத்தில் செயின் பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. ஆகவே கிளிப் மேலே வரும்போது மூடிய முனை என்ஜினைப் பார்க்கவேண்டும். திருப்பி மாட்டினால், பிளந்த வாய் எதிலாவது உரசித் தெறித்துவிடும். சிறிய வண்டிகள் பலவற்றில் செயின் முழுவதும் கவருக்குள் மறைந்திருப்பதால் யாரும் அதை நினைப்பதேயில்லை. கவரிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருப்பது பொதுவான அளவு. உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்க்கவேண்டும், ஏனெனில் தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருக்கும். இறுக்கும்போது இருபுறமுமுள்ள கோடுகள் ஒரே அளவில் நிற்கவேண்டும். சக்கரம் பின்னுக்கு நகர்ந்தபின் பின்பிரேக்கையும் சரிபார்க்க மறவாதிருங்கள். அதன் அளவு மாறியிருக்கும்.

சுத்தம் செய்யும்போது மண்ணெண்ணெயில் லேசாக நனைத்த துணியும் பழைய பல்துலக்கியும் போதும். நன்றாக உலர்ந்தபின் கியர் ஆயிலைச் சிறிதளவு தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். பிரேக்கின்மேல் ஒரு துளியும் படக்கூடாது. என்ஜினை ஓடவிட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிக்கிற வழக்கம் சில வாலிபரிடம் உண்டு. துணியோடு விரலும் பற்சக்கரத்துக்குள் போய்விடும். என்ஜினை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

டிரம் பிரேக் உள்ள வண்டிகளில், சக்கரத்தின் நடுவே பிரேக் கையோடு ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் பிடிக்கும்போது அம்பு அங்குள்ள குறியைத் தொட்டுவிட்டால், பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். இனியும் திருகை முறுக்கி முறுக்கி ஓட்டலாம் என்று எண்ணவேண்டாம்.

இன்னொரு காரியமும் சொல்லவேண்டும். வண்டி அழகாயிருக்கவேண்டுமென்று பின்சக்கரத்தின் சேலைத் தடுப்பைக் கழற்றி எறிகிறார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் அமர்கிறவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பும் வேண்டுமென்று சொல்கிறது. சேலையும் துப்பட்டாவும் உடுத்துகிற சகோதரிகளை ஏற்றிவரும் நாம், இதைச் சட்டம் சொல்லித்தானா செய்யவேண்டும்?

கழுவுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். என்ஜின் ஆறியபின் கழுவுங்கள். துணி துவைக்கும் தூள் பெயிண்டின் பளபளப்பைக் கெடுக்கும்; வாகனங்களுக்கென்று விற்கும் ஷாம்பு போதுமானது. சைலன்சர் வாயை மூடிக்கொள்ளுங்கள். சர்வீஸ் நிலையங்களில் அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் சக்கர நடுவிலும், சாவித் துவாரத்திலும், ஏர் ஃபில்டரிலும் நேராகப் பாயவிடக்கூடாது. பேரிங்கிலுள்ள கிரீஸ் போய்விடும். கழுவி முடித்து ஓட்டத் தொடங்கியதும், மெதுவாகச் சென்றபடியே பிரேக்கை நாலைந்து முறை இலேசாக அழுத்தி உலரவிடவேண்டும். நனைந்த பிரேக் முதல் திருப்பத்தில் ஏமாற்றும்.

இனி, ஊருக்குப் போகும்போது. புழுதியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் மூடிவைத்தால் துரு பிடிக்கும். ஆகவே இரண்டு நாள் முன்னதாகக் கழுவி, வெயிலில் நன்றாய் உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் இடுங்கள். இரும்பு டாங்க்கில் பெட்ரோல் நிறைந்திருப்பது நல்லது. பாதி டாங்க்கில் தங்கும் காற்றின் ஈரம் உட்சுவரில் துருவை உண்டாக்கும். இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாய்ப் படிந்து, அதன் நுண்ணிய துவாரத்தை அடைப்பதுதான் அந்தச் சகோதரனை ஜூன் மாதத்தில் களைக்க வைத்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருளைப் பீய்ச்சும் முறை இருப்பதால் இந்த வேலை இல்லை.

பேட்டரி இணைப்பில் முதலில் கறுப்பு வயரையும் பிறகு சிவப்பு வயரையும் கழற்றிவையுங்கள். மாட்டும்போது சிவப்பு முந்தி. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் டயருக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைக்கலாம். தார்ப்பாயை இறுகக் கட்டாதீர்கள். உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் துருவாகும். பருத்தித் துணியைப் போர்த்தி, அதன்மேல் காற்றோட்டமாகத் தார்ப்பாயை விடுங்கள். நம்முடைய சந்துகளில் எலிக்குக் குறைவில்லை. சைலன்சர் வாயில் துணியைத் திணித்து, அதை மறவாதபடி ஹாண்டிலில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவையுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, “வாரம் ஒருமுறை ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வையுங்கள்” என்று சொல்லிப் போகிற வழக்கம் பயனற்றது. ஒரு நிமிட ஓட்டத்தில் என்ஜின் சூடேறாது; உள்ளே நீர்த்துளி தங்குவதே மிச்சம். இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கத்தக்க, உரிமம் உள்ள ஒருவர் இருந்தால் மாத்திரம் சாவியைக் கொடுங்கள். இன்சூரன்ஸ் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலருடையது மே மாதத்தில் முடிந்து, ஜூன் மாதத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

திரும்பி வந்ததும் நாடாவைப் பார்த்துத் துணியை எடுங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் விட்டுப் பிடிக்கிறதா என்று பார்த்து, சாவியைப் போடாமலே சிலமுறை உதையுங்கள். எண்ணெய் மேலே ஏறட்டும்.

மழையைக் குறித்து ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று தண்ணீரில் மூழ்கிய வண்டிகளை மறுநாள் தள்ளிக்கொண்டு வந்த விசுவாசிகளில் அநேகர் செய்த தவறு, உடனே உதைத்துப் பார்த்ததுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது. உள்ளேயுள்ள இரும்புத் தண்டு வளைந்துவிடும். மூழ்கிய வண்டியின் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. உதைக்காமல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றியபின் ஓட்டலாம்.

எங்கள் சபையில் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் முதல் சனிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்தபின், மண்டபத்தின் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்துகிறோம். மெக்கானிக் ஒருவர் கூலி பேசி வருகிறார். வாலிபர்கள் செயின் கவரைத் திறக்கிறார்கள். கிளிப்பின் மூடிய முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்ப்பது என் மனைவியின் பொறுப்பு. என் வண்டியை அவள் எப்பொழுதும் முதலில் பார்க்கிறாள்.